நிக்கும் என்று சொன்னது நான்

எட்டாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் கனடாவில், ஸ்காபரோவில் லாப்டொப் கடை போட்டேன். வங்கி கடன் தரமாட்டேன் என்றது; போட்டேன். கடைக்கு இடம் வாடகைக்குத் தந்த பிளாசாக்காரன், ஆறு மாதத்தில் பூட்டிக்கொண்டு போவாய் என்றான். கடைசியில் அவன்தான் பிளாசாவை விற்றுவிட்டுப் போனான். பெரிய ஒபிஸ்கள் மூன்று வருடம் பாவித்துவிட்டுக் கழிக்கிற லாப்டொப்புகளை மொத்தமாக எடுத்து, துடைத்து, திருத்தி, புதியதின் மூன்றிலொரு பங்கு விலைக்குக் கொடுத்தேன். ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசித்த காலத்திலேயே, அடிப்பக்கத்து ஸ்குரூக்கள் இருக்கிற இடத்தைப் பார்த்து எந்தக் கொம்பனி, எந்த வருடத்துச் சாமான் என்று சொல்லுவேன். சைன்போர்ட் எழுதியவன் என் பேரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டான். மாற்ற வசதியில்லை. ஓர் எழுத்துக் குறைந்த பேரோடு அந்தக் கடையை இருபத்திரண்டு வருடம் நடத்தினேன். தூரத்துப் பிறம்ரனிலிருந்தும் ஸ்ரௌவ்வில்லிலிருந்தும் சனம் காரோடி வந்தது. ஒரு பத்திரிகையில்கூட ஒரு விளம்பரம் கொடுத்தவனில்லை நான்.

இப்போது கடை உங்கள் மூவரின் கையில். நல்ல பிள்ளைகள், படித்தவர்கள். ஸ்குரூ கழற்ற உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் போன கிழமை கடைக்கு வந்தபோது, லாப்டொப்புகளின் அடியில் நான் ஒட்டிவந்த வெள்ளை ஒட்டு ரேப்புத் துண்டுகள் ஒன்றையும் காணவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"அங்கிள், அதெல்லாம் இப்ப வெப்சைட்டில கிடக்கு. 'சார்ஜ் ஆறு மணித்தியாலம் வரைக்கும் நிக்கும்' எண்டு போட்டிருக்கிறம். அது நீற்றா இருக்கு" என்றீர்கள்.

நீற்றாக, துப்புரவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த "நிக்கும்" என்ற சொல்லை அந்தக் கடையிலிருந்து நான் துரத்திப் பல வருடமாகிறது. ஏன் துரத்தினேன் என்பதை உங்களுக்குச் சொல்லாமல் சாவியைத் தந்துவிட்டேன். அது என் பிழை. இந்தக் கதையில் அது இரண்டாவது பிழை. முதலாவதைச் சொல்கிறேன்.

லாப்டொப் வாங்க வருகிறவர் எவராக இருந்தாலும் மூன்று விஷயம்தான் கேட்பார். சும்மா உடையக்கூடாது, விலை கூடக்கூடாது, சார்ஜ் நிக்கவேண்டும். முதலிரண்டும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஒரு மூலையில் பிடித்துத் தூக்குவேன். உடம்பு நெளிந்தால் எனக்கு வேண்டாம். மூடியைப் பாதியில் விடுவேன். விட்ட இடத்தில் நிற்காமல் விழுந்தால் பிணைச்சல் போகப்போகிறது என்று அர்த்தம். அடிப்பக்கம் ஸ்குரூ போட்டதா, பசை போட்டு ஒட்டியதா என்று பார்ப்பேன். ஒட்டியதை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்கமாட்டேன், ஏனென்றால் பற்றரி போன அன்றைக்கு அது குப்பை. கறுப்பு நிறத்தில், வடிவில்லாமல், தடிப்பாக இருக்கிற ஒபிஸ் லாப்டொப்தான் சீவிக்கும். மெல்லிசாய்ப் பளபளவென்று இருப்பது கலியாணவீட்டுச் சேலை. தினமும் கட்ட உதவாது. இதில் ஒன்றும் நான் புத்தகத்தில் படித்ததில்லை. என் கையால் படித்தேன்.

மூன்றாவதில்தான் விழுந்தேன்.

ஒரு மார்கழி மாதம் ஒரு பெண் கடைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மன்னாரில் பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவர். கனடாவில் அந்தப் படிப்பு செல்லாது என்று விட்டார்கள். பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் வேலை செய்துகொண்டு, மறுபடியும் கல்லூரிக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தார். முடிவுப் பரீட்சையை மூன்றுதரம்தான் எழுத விடுவார்கள். இரண்டு போய்விட்டது. முன்பு பேப்பரில் எழுதியதை இப்போது அவரவர் லாப்டொப்பில் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணை, பரீட்சை நாலு மணித்தியாலம். பரீட்சை ஹோலில பிளக் இல்லை. வயர் இழுக்கவும் விடமாட்டினம். உது நாலு மணித்தியாலம் நிக்குமோ?"

நான் மெஷினைத் தட்டிப்பார்த்தேன். திரையில் பற்றரி றிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். முதல்நாள் நானே சோதித்திருந்தேன். நாலரை மணித்தியாலம் ஓடியிருந்தது.

"தங்கச்சி, நான் விக்கிற சாமான். நிக்கும்!" என்றேன்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் திரும்பி வந்தார். பனிச் சப்பாத்தைக்கூடத் தட்டாமல் நேரே கவுண்டருக்கு வந்து, லாப்டொப்பை வைத்தார்.

"நீங்கள் சொன்ன மாதிரியே நிண்டிட்டுது, அண்ணை" என்றார். "ரெண்டு மணித்தியாலம் பத்து நிமிசத்தில."

கல்லூரியில் ஒத்திகைப் பரீட்சை வைத்திருக்கிறார்கள். அதே ஹோல், அதே நாலு மணித்தியாலம். பாதி வழியில் திரை கறுத்துவிட்டது. உண்மையான பரீட்சை திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

இந்த இடத்தில் கவனியுங்கள். அந்த நேரம் நான் செய்ததை நீங்கள் செய்யவேண்டாம். நான் என்னைக் காப்பாற்றப் பார்த்தேன்.

"காருக்குள்ள போட்டிட்டு வேலைக்குப் போயிருப்பியள். இந்தக் குளிருக்கு எந்தப் பற்றரியும் படுத்திடும்."

"நான் பஸ்ஸில வாறனான், அண்ணை. என்ர மடியிலதான் வந்தது. சால்வையால சுத்தி."

"அப்ப நீங்கள் பாவிச்ச விதம் பிழை."

"பரீட்சை எழுதினனான். வேற என்ன செய்யிறது, விளக்குக் கொளுத்தி வைச்சுக் கும்பிடுறதோ?"

எனக்குக் கோபம் வந்தது. பதினைந்து வருடம் கடை நடத்துகிறேன், என்னை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் எப்பிடிச் சோதிச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன். சொல்லச் சொல்ல என் பிழை எனக்கே கேட்டது. திரை வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கியிருந்தேன். வைஃபை இல்லை. ஒரு போட்டோவைத் திறந்து வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அவர் பரீட்சையிலோ கமரா முழுநேரமும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், வைஃபை ஓடும், வெளிச்சம் முழுதாக இருக்கும், கை தட்டெழுத்து அடித்தபடி இருக்கும். நான் கட்டிலில் படுத்திருந்தவனை ஓட்டக்காரன் என்று சொல்லி விற்றிருக்கிறேன்.

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். "காசு வேண்டாம், அண்ணை. எனக்குத் திங்கட்கிழமை வேணும்" என்றார்.

வேறு நல்ல லாப்டொப் ஒன்றை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அதுவும் சரிவரவில்லை. பரீட்சைக்குரிய மென்பொருளைக் கல்லூரி அந்த மெஷினில்தான் பதிந்து கொடுத்திருந்தது. கல்லூரி ஒபிஸ் பூட்டியாயிற்று. இனித் திங்கள் காலைதான். புதுப் பற்றரிக்கு ஓடர் கொடுத்தால் புதன்கிழமை வரும். என்னிடம் அதே வகை லாப்டொப் இன்னும் ஐந்து இருந்தன. அதில் ஒன்றின் பற்றரியைக் கழற்றி இவருடையதில் போடுவதுதான் மிச்சமிருந்த வழி. றிப்போர்ட்டைப் பார்த்தேன். ஒன்றின் பற்றரிப் பலம் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு என்று இருந்தது. ஸ்குரூடிரைவரை எடுத்துவிட்டேன்.

"பொறுங்கோ. றிப்போர்ட் சொல்லுறது கிடக்கட்டும். நிண்டு காட்டட்டும்" என்றார்.

பிறகு ஒன்று சொன்னார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான் வேலை செய்யிறது வேர்ஹவுஸ் ஃப்ரீசருக்குள்ள. பெட்டியின்ர நம்பர் வாசிக்கிற ஸ்கேனர் எல்லாம் பற்றரிதான். சுப்பர்வைசர் 'நிக்கும், நிக்கும்' எண்டுவான். நாங்கள் அதைக் கேக்கிறேல்ல. ஒவ்வொரு ஸ்கேனரிலயும் வெள்ளை ரேப் ஒட்டி, நேற்று எவ்வளவு நேரம் நிண்டது எண்டு எழுதிவைப்பம். அதைப் பாத்துத்தான் அடுத்த ஆள் தூக்குவா. நிக்கும் எண்டுறது விக்கிறவன்ர கதை, அண்ணை. நிண்டது எண்டுறதுதான் பாவிச்ச ஆளின்ர கதை."

பிள்ளைகளே, நான் ஸ்குரூடிரைவரை வைத்துவிட்டு ஐந்து லாப்டொப்பையும் சார்ஜில் போட்டேன்.

சனிக்கிழமை காலை அவர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். ஐந்தையும் கவுண்டரில் வரிசையாக வைத்தோம். வெளிச்சம் முழுக்க, கமரா திறந்து, வைஃபை ஓடவிட்டு, சார்ஜர்களை ஒரே நேரத்தில் கழற்றினோம். ஒவ்வொன்றிலும் வெள்ளை ரேப்பில் நம்பர். அவர் ஒன்றிலிருந்து மற்றதுக்கு நகர்ந்து நகர்ந்து தட்டெழுத்து அடித்துக்கொண்டே இருந்தார். படிக்கவேண்டிய பாடத்தையே அடித்தார். அந்த நேரத்தையும் வீணாக்கவில்லை.

பக்கத்துக் கொத்துரொட்டிக் கடைக்காரர் தேத்தண்ணியோடு வந்து எட்டிப்பார்த்தார்.

"என்ன அண்ணை, லாப்டொப்புக்கு ஸ்போட்ஸ்மீற் வைக்கிறியளோ?"

"போய் உன்ர ரொட்டியைப் பார்."

"இல்லை, பந்தயம் கட்டலாமோ எண்டு கேட்டன். நான் மூண்டாம் நம்பருக்கு."

மூன்றாம் நம்பர்தான் அந்தத் தொண்ணூற்றிரண்டு. நானும் மனதுக்குள் அதற்குத்தான் கட்டியிருந்தேன். இரண்டு மணித்தியாலம் ஐம்பது நிமிடத்தில், முப்பது வீதம் சார்ஜ் மிச்சம் என்று காட்டிக்கொண்டிருந்தபோதே, ஒரு இருமல்கூட இல்லாமல் அணைந்துபோனது. அதைத்தான் முதல்நாள் நான் அவருக்குப் போட இருந்தேன். போட்டிருந்தால், நானே கையால் கொடுத்திருப்பேன், மூன்றாவது தோல்வியை. அவர் என்னைப் பார்க்கவில்லை. ரேப்பில் "நிண்டது 2.50" என்று எழுதிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார்.

ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் மிஞ்சியது ஐந்தாம் நம்பர். மூடியெல்லாம் கீறல், யாரோ ஒட்டிய ஸ்ரிக்கர் உரிந்த அழுக்கு. விலை குறைத்தும் ஒருவரும் எடுக்காத சாமான். அது நாலு மணித்தியாலம் ஐம்பது நிமிடம் நின்றது. கொத்துரொட்டிக்காரர் வந்து கைதட்டினார். நான் ஐந்தாம் நம்பரின் பற்றரியைக் கழற்றி அவர் மெஷினில் போட்டேன்.

சரி, இப்போதே கொண்டுபோகிறேன் என்றார் அவர். நான் விடவில்லை. இதில் எனக்குப் பெருமை உண்டு, சொல்லத்தான் செய்வேன். ஒரு பற்றரி ஒரு உடம்பில் நின்றதால் மற்ற உடம்பிலும் நிற்கும் என்று எவன் சொன்னது? அந்த மெஷின் சார்ஜைக் கூடக் குடிக்கிற மெஷினாக இருந்தால்? "திரும்பவும் நிக்கும் எண்டு சொல்லமாட்டன், தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா ஓட்டிப் பாத்திட்டுத் தாறன்" என்றேன். அவருக்கு ஞாயிறு வேலை; லீவு கிடைக்காது.

அதுவரை நான் ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தவனில்லை. அன்றைக்குத் திறந்து, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தேன். யாராவது அடித்துக்கொண்டே இருக்கவேண்டுமே. எனக்கு ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், என் பேர். அதை ஒற்றை விரலால் நாலரை மணித்தியாலம் அடித்தேன். பக்கம் பக்கமாக என் பேர். சைன்போர்ட்காரன் விட்ட எழுத்தை ஒரு தடவையும் விடவில்லை. நாலரை மணித்தியாலம் தாண்டியும் மெஷின் உயிரோடு இருந்தது. பின்னேரம் அவர் வந்து எடுத்தபோது திரையைப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார்.

"என்ன அண்ணை, உங்களுக்கும் பரீட்சையோ?"

"ஓம்" என்றேன்.

திங்கட்கிழமை ஒரு மணி பத்து நிமிடத்துக்கு ரெலிபோன் அடித்தது. அவர்தான். பின்னால் பஸ் சத்தம், காற்றுச் சத்தம்.

"அண்ணை, நிண்..."

அவ்வளவுதான். லைன் செத்துவிட்டது.

எங்கள் பாஷையில் இந்தச் சொல்லுக்குள் ஒரு சூது இருக்கிறது. நிண்டது என்றால் தாக்குப்பிடித்தது. நிண்டிட்டுது என்றால் பாதியில் போய்விட்டது. இரண்டும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. மிச்ச எழுத்தைக் குளிர் தின்றுவிட்டது. திருப்பி எடுத்தேன், அவருடைய போன் அணைந்திருந்தது. பத்துத்தரம் எடுத்திருப்பேன். ஒரு வாடிக்கைக்காரர் சார்ஜர் கேட்டு வந்தார். அவருக்கு மவுஸைக் கொடுத்து அனுப்பினேனாம், அடுத்தநாள் கொண்டுவந்து தந்தார்.

அதற்குப் பிறகு போன இரண்டு மணித்தியாலத்தில் நான் யோசித்ததை உங்களுக்குச் சொல்லவேண்டும். நான் கட்டிய கடை, நான் பட்ட பாடு, எட்டாம் வகுப்பு, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மார்கழி மாதத்தில் அந்த ஒரு சொல்லை நான் எவ்வளவு சுகமாகச் சொன்னேன் என்பதுதான் வந்தது. மெஷினைத் தட்டி, சிரித்து, நிக்கும் என்று. ஒரு மனுசியின் பன்னிரண்டு வருட அனுபவத்தையும் மூன்றாவது சந்தர்ப்பத்தையும் வைத்துக்கொண்டு நான் என் பெருமையைக் கதைத்திருக்கிறேன்.

மூன்றேகாலுக்குக் கதவு திறந்தது. அவர் சால்வைச் சுற்றைப் பிரித்து லாப்டொப்பை எடுத்து, கவுண்டரில் கவிழ்த்து வைத்தார். அடியில் வெள்ளை ரேப். அவர் கையெழுத்தில்: "நிண்டது. 4 மணித்தியாலம். மிச்சம் 11 வீதம்."

"போன்தான் அண்ணை செத்துப்போச்சு. கையில வைச்சிருந்தனான், குளிருக்கு ஒரேயடியாப் படுத்திட்டுது."

"அதுக்கு நீங்கள் ரேப் ஒட்டேல்லையோ?" என்றேன்.

"அது நீங்கள் வித்த போன் இல்லையே. அதால நம்பிட்டன்" என்றார்.

அந்தச் சொல்லை நன்றாகக் கேளுங்கள். நல்லாய்த்தான் குத்தினார். குத்தின கையாலேயே கூடக் கொண்டுவந்த பலகாரப் பெட்டியையும் தந்தார்.

சித்திரை மாதம் அவர் பாஸ். இன்றைக்கு முதியோர் இல்லம் ஒன்றில் நேர்ஸாக இருக்கிறார். வேர்ஹவுஸ் வேலையை விட்டதும், தன் வகுப்பில் பாதிப் பேரை என் கடைக்கு அனுப்பினார். அவர்கள் வந்து லாப்டொப்பைத் திறந்து பார்க்கவில்லை, கவிழ்த்துப் பார்த்தார்கள். அன்றிலிருந்து என் கடையில் ஒரு லாப்டொப்பும் ரேப் இல்லாமல் போனதில்லை. முழு வெளிச்சம், கமரா, வைஃபை, கை அடித்தபடி. எவ்வளவு நேரம் நின்றது, எந்தத் திகதி, யார் சோதித்தது. வாங்க வருகிறவரிடம் எவ்வளவு விலைக்குள் என்று கேட்கமுதல், எங்கே வைத்துப் பாவிப்பீர்கள், எதில் கொண்டுபோவீர்கள், அது அணைந்தால் உங்களுக்கு என்ன போகும் என்று கேட்பேன். கடைசிக் கேள்விக்கு ஒன்றும் போகாது என்கிறவருக்கு இரண்டு மணித்தியாலம் நின்றதை மலிவாகக் கொடுங்கள், அதில் குற்றமில்லை. மூன்றாம் நம்பரைக்கூட நான் விற்றேன், ஒரு மளிகைக் கடைக்காரருக்கு. அது பிளக்கோடேயே இருக்கும் என்றார். ரேப்பில் 2.50 என்று எழுதித்தான் கொடுத்தேன்.

அந்தத் தங்கச்சிக்கு நான் கடமைப்பட்டவன். என்னிடம் கத்தியிருக்கலாம், கடையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லியிருக்கலாம். அதைவிட்டு ஒரு சனிக்கிழமை முழுக்க என் கவுண்டரில் நின்று எனக்கு என் தொழிலைக் காட்டித் தந்தார். இருபத்திரண்டு வருடத்தில் நான் படித்த பள்ளிக்கூடம் அது ஒன்றுதான்.

இனி என் கோரிக்கை.

முதலாவது, ரேப்பைத் திரும்ப ஒட்டுங்கள். வெப்சைட்டில் "வரைக்கும் நிக்கும்" என்பதை எடுத்துவிட்டு "நிண்டது" என்று போடுங்கள். இரண்டாவது, அதே வெப்சைட்டில் "எங்கள் குழு உருவாக்கிய சோதனை முறை" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன குழு? அந்தச் சனிக்கிழமை குழு ஒன்றும் இருக்கவில்லை. அவர் இருந்தார், நான் இருந்தேன், ரொட்டிக்காரர் வந்து போனார். முறை அவருடையது. தன் பேரைப் போடவேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை.

என் பேரைப் போடுங்கள். முறையைக் கண்டுபிடித்தவன் என்று போடவேண்டாம், அது பொய். இந்தக் கடையைத் தொடங்கியவர் சரியாகச் சோதிக்காமல் "நிக்கும்" என்று ஒருநாள் சொன்னார், அந்தப் பிழையிலிருந்துதான் இந்த முறை வந்தது என்று எழுதுங்கள். அந்தப் பிழை என்னுடையது, அதில் ஒருவருக்கும் பங்கில்லை. அதன் கீழே என் பேர் வரவேண்டும். எல்லா எழுத்தோடும்.